பெட்டி தனியாக இருக்கும்போது

அக்டோபர் 9, திங்கள்

நேற்றுப் பூசை முடிந்து நடந்த மீனவர் சங்கக் கூட்டத்தில் அலை எல்லையை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். ஆடி மாதம் இருநூறு சென்டிமீட்டர். போன மாதம் நூற்றெழுபது. இப்போது வாடைக்காற்று தொடங்கப்போகிறது என்று நூற்றைம்பது. அலை அதற்கு மேல் எழும்பும் என்று முன்னறிவிப்பு வந்தால் புன்னைத்துறைப் படகுகள் மறுநாள் கடலுக்குப் போகக் கூடாது. கையைத் தூக்கச் சொல்லி எண்ணி முடிவு செய்கிறார்கள். இந்த விஷயம் கடலுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் செயலாளர் காஸ்பார் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

சங்க அறையில் இருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. ஊரில் பெட்டி என்றால் அதுதான். சாயங்காலம் ஆறரைக்கு நான் அதன் முன்னால் உட்கார்ந்து ஸ்கிரிப்டை ஓட்டுவேன். அரசு வெளியிடும் அலை முன்னறிவிப்பை அது இறக்கி, எல்லையோடு ஒப்பிட்டு, படகுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போடும். செய்தி இரண்டே இரண்டுதான். “நாளைக்குக் கடல் நல்லாயிருக்கு, போகலாம்.” இல்லையென்றால் “நாளைக்குக் கடல் சரியில்ல, போகாதீங்க.” இரண்டும் என் குரல். இதையெல்லாம் எழுதிக் கொடுத்த நிஷாந்த் இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான். போனை எடுப்பதில்லை.

எல்லை இதுவரை ஸ்கிரிப்டுக்குள் எண்ணாக இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் அதைத் திறந்து திருத்தி, ஒரு தடவை கை தவறி ஒரு அடைப்புக்குறியை அழித்து, அன்றைக்கு யாருக்குமே போன் போகாமல்... போதும் சாமி. இன்று அந்த எண்ணை வெளியே எடுத்து, எல்லை என்ற பெயரில் ஒரு வேரியபிளாக வைத்தேன். கறுப்புத் திரையில் நாம் அடிப்பதை வாங்கிக்கொள்கிற ஷெல்லுக்கு இப்படி நிறையப் பெயர்கள் தெரியும். ஹோம் என்றால் என் ஃபோல்டர் இருக்கும் இடம். யூசர் என்றால் பிரிஸ்கா, அதாவது நான். இனி எல்லை என்றால் நூற்றைம்பது.

முதலில் வெறுமனே எல்லை இவ்வளவு என்று அடித்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஷெல்லுக்குத் தெரிந்தது ஸ்கிரிப்டுக்குத் தெரியவில்லை. எண்ணைக் காணோமே என்று இங்கிலீஷில் ஒரு வரி திட்டிவிட்டு, போகலாம் என்று முடித்தது. லினக்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். முன்னால் எக்ஸ்போர்ட் என்று போட வேண்டுமாம். அப்போதுதான் அந்த ஷெல்லிலிருந்து பிறக்கிற புரோகிராம்களுக்கும் அது போய்ச் சேரும். எங்கள் ஊரில் எக்ஸ்போர்ட் என்றால் சிங்கி இறால் மட்டும்தான். போட்டதும் சரியாகிவிட்டது. நான் லாகின் செய்யும்போதெல்லாம் ஷெல் தானாகப் படிக்கிற ஃபைலில் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். இனி எல்லை மாறினால் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

வீட்டுக்கு வந்து, “குழம்பு அடுப்புல இருக்குன்னு உங்க அப்பாட்ட சொல்லு” என்று மகள் ரினாவிடம் சொன்னேன். அவள் அப்பா அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 11, புதன்

ரினாவுக்குப் பத்தாம் வகுப்பு. சாயங்காலம் நான் வீட்டில் இல்லையென்றால் புத்தகம் திறந்தபடி இருக்கும், அவள் போனில் இருப்பாள். அதனால் கிரானை ஏற்பாடு செய்தேன். கிரான் என்பது குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானாகத் தொடங்கிவைக்கிற புரோகிராம். ஆறரை என்று எழுதிவைத்தால் ஆறரைக்குத் தொடங்கிவிடும். நான் பெட்டி முன்னால் உட்கார வேண்டியதில்லை.

எழுதிவைப்பதற்கு முன் கையால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒழுங்காக ஓடியது.

படகுக்காரர்களின் போன் எண்களில் முதலாவது தனிஸ்லாஸ் என்று இருக்கிறது. என் வீட்டுக்காரர்தான். டெஸ்ட் செய்ய ஒரு நம்பர் வேண்டுமே, அதனால் மேலே போட்டேன். வேறு ஒன்றுமில்லை.

அக்டோபர் 12, வியாழன்

பெட்டி தானாகவே எல்லோரையும் கூப்பிட்டது. நான் வீட்டில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். கடல் நல்லாயிருக்கு, போகலாம்.

அக்டோபர் 16, திங்கள்

கடல் குளம் மாதிரி கிடக்கிறது. தினமும் “போகலாம்”தான். காஸ்பார் மாமாவுக்கு வாயெல்லாம் பல். “பாத்தியாட்டி, இப்பதான் பெட்டிக்குப் புத்தி வந்திருக்கு” என்றார். புத்தி வந்தது எனக்கு என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

யார் யார் செய்தியைக் கேட்டார்கள் என்று பெட்டி குறித்துவைக்கும். மறுபடி கேட்க ஒன்றை அழுத்தலாம். யாரும் அழுத்துவதில்லை. பாதிப் பேர் முதல் வார்த்தையிலேயே கட் செய்துவிடுகிறார்கள். முதல் எண்காரர் மட்டும் தினமும் ஒன்றை அழுத்தியிருக்கிறார். காதில் ஏதோ கோளாறு போலிருக்கிறது. ரினாவிடம் சொல்லி டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 20, வெள்ளி

மோட்சம் அண்ணன் படகு கவிழ்ந்துவிட்டது.

காலையிலேயே காற்று மாறியிருந்தது. ஆனால் நேற்றுச் சாயங்காலம் பெட்டி “போகலாம்” என்றுதானே சொன்னது. எல்லோரும் போய்விட்டார்கள். திரும்பி வரும்போது, ஆற்று முகத்தில் அலை மறித்து அண்ணன் படகைப் புரட்டிப் போட்டிருக்கிறது. பின்னால் வந்த படகு அவரையும் கூட இருந்தவரையும் தூக்கியிருக்கிறது. அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. வலை போயிற்று. உயிர் இருக்கிறது, மாதாவே.

பின்னால் வந்த படகு எங்கள் வீட்டுப் படகு.

வீட்டுக்காரர் நனைந்த சட்டையோடு வாசலில் நின்று ரினாவிடம் சொன்னார்: “ஒங்கம்மா பெட்டி கடல் நல்லாயிருக்குன்னு சொல்லிச்சு. நானும் நம்பிப் போனேன். அதச் சொல்லிரு.”

ரினா என்னைப் பார்த்தாள். “காதுல விழுந்துச்சு” என்றேன். இந்தப் பெட்டி சொல்வதைக் கேட்டு நான் கடலுக்குப் போகிறவனா என்று ஊர் முழுக்கச் சிரித்தவர் இவர். நம்பிப் போனாராம்.

சங்க அறைக்கு ஓடினேன். நேற்று இறங்கிய முன்னறிவிப்பு அப்படியே இருந்தது. அலை இருநூற்றுப் பத்து. எல்லை நூற்றைம்பது. சின்னப் பிள்ளைக்குக்கூட எது பெரியது என்று தெரியும். போன் போகாதபடி வைத்துவிட்டு, நேற்றைய முன்னறிவிப்பைக் கொடுத்துக் கையால் ஓட்டினேன். போகாதீங்க என்றது. மறுபடி ஓட்டினேன். போகாதீங்க. நேற்று ஏன் சொல்லவில்லை என்று அதன் மண்டையில் தட்டினேன். அழுகையாக வந்தது. அழுதேன்.

அக்டோபர் 21, சனி

மோட்சம் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தாள். “ஒங்க கொரல நம்பித்தான மைனி போனாரு” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

கூட்டத்தில் கூச்சல். பெட்டியைத் தூக்கிக் கடலில் போடு என்றார்கள். நான் எழுந்து, கையால் ஓட்டும்போது சரியாகத்தான் சொல்கிறது என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பிக்கப் பார்க்கிறேன் என்று ஆகிவிட்டது.

“அப்போ நீ இருந்தா ஒண்ணு சொல்லுது, நீ எந்திரிச்சு வந்துட்டா வேறொண்ணு சொல்லுதோ? நல்ல புருசன் பொஞ்சாதிதான் நீயும் பெட்டியும்” என்றார் காஸ்பார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் கூச்சல் அடங்கியது, அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டம் வரை பெட்டி யாரையும் கூப்பிடக் கூடாது. அதற்குள் காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெட்டியை எடுத்துவிடுவார்கள்.

எடுத்துவிட்டால் எனக்கு என்ன. சம்பளமா கொடுக்கிறார்கள்? சாயங்காலம் நிம்மதியாகப் பூக்கட்டலாம். ஆனால் வாடை வந்துவிட்டது. இனி இரண்டு மாதம் ஒவ்வொரு நாள் காலையிலும் என் வீட்டு மனுஷர் வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்தப் படகிலேயே.

அக்டோபர் 24, செவ்வாய்

நிஷாந்துக்கு ஒன்பது தடவை போன். எடுக்கவில்லை. ஒரு கும்பிடு படம் அனுப்பியிருக்கிறான்.

இட்லி மாவு புளித்துப்போனது. கவனம் வீட்டில் இல்லை.

அக்டோபர் 25, புதன்

கிடைத்துவிட்டது.

துணி துவைத்துக்கொண்டிருந்தபோது காஸ்பார் மாமா சொன்னது திரும்பத் திரும்ப ஓடியது. நீ இருந்தா ஒண்ணு, நீ எந்திரிச்சு வந்துட்டா வேறொண்ணு. கிண்டலுக்குச் சொன்னதுதான். ஆனால் நடந்தது அதுதானே? துணியை அப்படியே சோப்பில் விட்டுவிட்டு ஓடினேன்.

முதலில் என் ஷெல்லில் உட்கார்ந்து, உனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் காட்டு என்று கேட்டேன். திரை நிறைந்து மேலே ஓடியது. ஹோம், யூசர், எந்த மொழி, புரோகிராம்களை எங்கெங்கே தேட வேண்டும் என்கிற பாத், இன்னும் என்னென்னவோ. நடுவில் எல்லை, நூற்றைம்பது. பிறகு கிரானிடம் அதே வேலையைக் கொடுத்தேன். அடுத்த நிமிடமே உனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதிவை என்று. எழுதிவைத்தது. திறந்து பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடு எங்கே, யார் பெயரில் ஓடுகிறேன், எந்த ஷெல், ஒரு குட்டி பாத். அவ்வளவுதான். எல்லை இல்லை.

எப்படி இருக்கும்? எக்ஸ்போர்ட் செய்தது என் ஷெல்லில். அதிலிருந்து பிறக்கிற புரோகிராம்களுக்குத்தான் அதன் பிரதி கிடைக்கும். கிரான் என் ஷெல்லிலிருந்து பிறந்தது இல்லை. பெட்டியைப் போட்டதிலிருந்து அது பாட்டுக்குத் தனியாக ஓடுகிறது. நான் லாகின் செய்யும்போது படிக்கப்படுகிற ஃபைலை அது படிப்பதும் இல்லை. நான் யாரிடம் என்ன சொல்லிவைத்தேன் என்று அதற்கு என்ன தெரியும்? ஊருக்கே சொல்லிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னது என் வீட்டுக்குள் மட்டும்.

ஆகவே கிரான் ஓட்டியபோதெல்லாம் எல்லை காலி. அலையைக் காலியோடு ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியவில்லை என்று அது முனகிய வரியைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அலை பெரிது என்று ஆகாததால் நேராகப் “போகலாம்” பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போயிருக்கிறது. கடல் நல்லாயிருந்ததால் பெட்டி சொன்னது சரியாகத் தெரிந்தது. மாமாவும் பல்லைக் காட்டினார். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் என் ஷெல்லில் இருந்தேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்கிரிப்டுக்கும் தெரிந்தது.

முதல் நாளே அந்தத் திட்டு என் கண் முன்னால் வந்தது. இந்த டைரியிலேயே எழுதியிருக்கிறேன்.

துணி சாயம் போய்விட்டது. இவருடைய நீலச் சட்டை. நல்லவேளை, பேச்சுவார்த்தை இல்லை.

அக்டோபர் 26, வியாழன்

எல்லையை என் ஷெல்லிலிருந்து எடுத்துவிட்டேன். தனி ஃபைலில் எழுதி, ஸ்கிரிப்டே தொடங்கியதும் முதல் வேலையாக அதைப் படிக்கும்படி செய்தேன். யார் ஓட்டினாலும் சரி, நானோ கிரானோ, இனி ஒரே எல்லைதான்.

பிறகு அந்த இருநூற்றுப் பத்து முன்னறிவிப்பைக் கொடுத்து, எந்தப் பெயரும் தெரியாத காலி ஷெல்லில் ஓட்டிப் பார்த்தேன். அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. கட்டிய துணியோடு வீட்டை விட்டு அனுப்புவது மாதிரி. அப்போதும் “போகாதீங்க” என்றது. கையைத் தட்டினேன். பக்கத்து அறையில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் பெரிய தப்பு அது இல்லை என்று மத்தியானம் சோறு தின்னும்போது தோன்றியது. ஒரு பெயர் காணாமல் போகலாம், ஃபைல் அழியலாம், முன்னறிவிப்பே வராமல் போகலாம். தெரியாதபோது தெரியாது என்று சொல்லாமல் “போகலாம்” என்று சொன்னதே, அதுதான் அண்ணன் தோளை முறித்தது. எது காலியாக இருந்தாலும் அங்கேயே நிற்கும்படி மாற்றினேன். மூன்றாவதாக ஒரு செய்தியும் என் குரலில் பதிந்தேன். “நாளைக்குக் கடல் எப்பிடின்னு பெட்டிக்குத் தெரியல. சங்கத்துல கேக்காமப் போகாதீங்க.”

பதியும்போது குரல் இரண்டு தடவை உடைந்தது. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். வேரியபிள், ஷெல் என்றெல்லாம் சொல்லவில்லை. “எல்ல என்னன்னு என்ட்ட மட்டும்தான் இருந்துச்சு. நான் எந்திரிச்சு வந்ததும் பெட்டிக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லாம போகலாம்னு சொல்லிருச்சு. அத நான் பாத்திருக்கணும். இப்ப மாத்திட்டேன்” என்றேன்.

“எங்க வீட்லயும் இப்பிடித்தான், தெரியலன்னு ஒரு நாளும் சொன்னதில்ல” என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். சிரிப்பு. மோட்சம் அண்ணன் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலில் நல்ல கையைத் தூக்கினார். பெட்டி இருக்கட்டும் என்று. அதன் பிறகு மற்றவர்கள்.

“இருக்கட்டும். ஆனா கடல் சரியில்லாத ஒரு நாள் அது சரியாச் சொல்லட்டும், அப்பப் பாப்போம். அதுவரைக்கும் எவன் நம்புவான்?” என்றார் காஸ்பார் மாமா.

வீட்டுக்காரர் கையைத் தூக்கினாரா என்று நான் பார்க்கவில்லை. தூக்கினார் என்று ரினா சொன்னாள்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். என் கொழுந்தன் இன்னாசிக்கு அங்கே இடம் இல்லை. போன வாடையில் படகு மட்டும் கரைக்கு வந்தது. கடற்கரையில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் நிற்கவில்லை. இவர் கையைக் குவித்து மறைத்துக்கொண்டார், நான் மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது.

அந்தப் படகைத்தான் ஆவணியில் பெயின்ட் அடித்து இவர் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார். விற்றுவிடுங்கள் என்றேன். முடியாது என்றார். தினமும் போன் வரும், கேட்டுவிட்டாவது போங்கள் என்றேன். “ஒன் பெட்டி எந்தம்பியத் திருப்பிக் குடுக்குமா?” என்றார். அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை.

அணைந்த மெழுகுவர்த்தியை மணலில் குத்திவைத்துவிட்டு வந்தோம்.

நவம்பர் 4, சனி

ரினா சொல்கிறாள்: “அப்பா அந்தப் போன ரெண்டு தடவ கேப்பாங்கம்மா. எதுக்குன்னு கேட்டா, ஒங்கம்மா கொரல் போன்லதான் கேக்குதுன்னாங்க.”

படிக்கிற வேலையைப் பார் என்றேன். சாயங்காலம் கடலைமாவு வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

மத்தியானத்திலிருந்தே கடல் பக்கம் கறுத்துக் கிடந்தது. ஐந்து மணிக்குச் சங்க அறைக்குப் போனேன். அன்றைய முன்னறிவிப்பு வந்திருந்தது. இருநூற்று முப்பது. அங்கேயே உட்கார்ந்து கையால் ஓட்டிவிடலாம் என்று இருந்தது. அப்படிச் செய்தால் பெட்டி தனியாக என்ன சொல்கிறது என்று இன்றைக்கும் தெரியாமல் போகும். நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தால்? தப்பாகச் சொன்னால் ஒவ்வொரு வாசலாக ஓடிச் சொல்ல விடியும் வரை நேரம் இருக்கிறது. லாக்அவுட் செய்தேன். திரையை அணைத்தேன். கதவைப் பூட்டிச் சாவியைக் காஸ்பார் மாமாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இவர் வாசலில் உட்கார்ந்து நாளைக்கு வேண்டிய தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ரினா படித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆறரை. ஒன்றும் இல்லை. தேங்காய் துருவுகிறேன் என்று விரலைத் துருவிக்கொண்டேன்.

அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். என் குரல் வாசலில் இருந்து வீட்டுக்குள் வந்தது. “நாளைக்குக் கடல் சரியில்ல, போகாதீங்க.”

அடுத்த வீட்டில் அடித்தது. அதற்கு அடுத்த வீட்டில். எதிர் வரிசையில் மோட்சம் அண்ணன் வீட்டில். தெரு நெடுக நானே பேசிக்கொண்டு போனேன். போகாதீங்க, போகாதீங்க. ஒரு வீட்டிலும் பாதியில் கட் செய்யவில்லை.

இவர் ஒன்றை அழுத்தினார். மறுபடியும் கேட்டார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டி மூலையில் போட்டார். எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“சரி, போகல” என்றார்.

“கொழம்பு அடுப்புல இருக்கு. எடுத்து வைக்கட்டுமா?” என்றேன்.

“யம்மா, அப்பாட்ட நான் சொல்லணுமா?” என்று உள்ளிருந்து ரினா கேட்டாள்.

“ஒன்ட்ட யாரும் சொல்லல. நீ படி.”

நவம்பர் 7, செவ்வாய்

விடிந்ததும் கரைக்குப் போய்ப் பார்த்தேன். கடல் கத்திக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கட்டியிருந்தன. இன்னாசியின் படகும்.

வீட்டுக்குத் திரும்பியபோது இவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.